எந்த நாளின் சீருடை?

வணக்கம் சார்,

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை மினியேச்சர்கள் ஒரு பெட்டி வாங்கி, வாட்டர்லூ போருக்காக வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். 28 மில்லிமீட்டர் அளவு. அட்டைப்படத்தில் இருப்பதுபோலவே அடர்நீலக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, தொப்பியில் குஞ்சம் என்று ஒரு வரிசை முடித்துவிட்டேன். பார்த்த நண்பர், 'இவர்கள் பாரிஸ் அணிவகுப்புக்குப் போகிறவர்கள், வாட்டர்லூவுக்கு இல்லை' என்கிறார். நீலமும் கறுப்பு மாதிரி தெரிகிறதாம். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பொம்மைக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா? சரியான நீலம் எது?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

தேவை. உங்கள் நண்பர் சொன்னதும் சரிதான். அதற்காக முடித்த வரிசையை அழித்துவிடாதீர்கள், வேறொரு நாளுக்கு அவர்கள் சரியாகவே இருப்பார்கள். எந்த நீலம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த நாள் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் படை என்றாலே நீலம் என்று நினைக்கிறோம். ஆனால் 1806ல் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு என்று உத்தரவு போட்டு, சில ரெஜிமென்ட்கள் அதை அணியவும் செய்தன. காரணம் அவுரி. கரீபியனில் அவுரி விளைந்த பிரெஞ்சுக் காலனி சான் டொமிங்கு கைவிட்டுப் போய்விட்டது, கடலில் பிரிட்டிஷ் கப்பல்கள், நீலச் சாயம் வருவது கஷ்டமாகிவிட்டது. அடுத்த ஆண்டே வெள்ளையைக் கைவிட்டார்கள். அந்த ஆண்டு நடந்த ஐலாவ் போரில் வெள்ளைத் துணியில் ரத்தம் தெரிந்த கோலமும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. ஆக 1807 என்றால் வெள்ளைக் கோட்டுப் பிரெஞ்சுக்காரரும் சரியானவர்தான்.

இப்போது உங்கள் வாட்டர்லூ. அட்டைப்படம் காட்டுவது 1812ம் ஆண்டு விதிமுறை. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. ஆனால் நெப்போலியன், நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து திரும்பி பாரிஸுக்குள் நுழைந்தது 1815 மார்ச் 20, போர் நடந்தது ஜூன் 18. நடுவில் மூன்று மாதம்கூட இல்லை, அதற்குள் ஒரு முழுப் படைக்கும் துணி நெய்து, சாயம் போட்டு, தைத்துக் கொடுக்க எந்த அரசாலும் முடியாது. பேரரசின் காவற்படையிலேயே எல்லாருக்கும் கரடித்தோல் தொப்பி கிடைக்கவில்லை, ஷாகோ என்ற உருளை வடிவத் தொப்பி போட்டவர்களும் இருந்தார்கள். அதோடு முந்தின இரவு முழுக்கக் கொட்டிய மழை, ஆள் உயர ரை (கோதுமை போன்ற தானியம்) பயிர், சேறு.

அதனால் பலருக்கு நீலக் கோட்டை மறைத்துக்கொண்டு நீள மேலங்கியைப் போடுங்கள். சாம்பல், பழுப்பு, மணல் நிறம் என்று நாலைந்து சாயல் கலந்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறம் வராமல் தீட்ட வேண்டும். ஷாகோவுக்குக் கறுப்பு மெழுகுத்துணி உறை, குஞ்சம் வேண்டாம். தொளதொளவென்ற கால்சட்டை, முழங்கால் வரை சேறு. உறைக்கு மேலே எட்டிப் பார்க்கும் சின்ன உருண்டையை மட்டும் கவனமாகச் செய்யுங்கள், கம்பெனியை, அதாவது ரெஜிமென்ட்டுக்குள் இருக்கும் சிறு படைப்பிரிவை, அதை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். நாலு ஃப்யூசிலியர் (சாதாரணக் காலாட்படை) கம்பெனிகளுக்கும் வரிசையாகக் கரும்பச்சை, வானநீலம், ஆரஞ்சு, ஊதா. கிரெனடியர் என்ற தேர்ந்தெடுத்த வீரர்களுக்குச் சிவப்பு. ஒரே கம்பெனிக்குள் நாலு நிறத்தையும் கலந்துவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் தப்பாகிவிடும்.

எதிர்ப்பக்கம் தீட்டும்போது: பிரிட்டிஷ் சிப்பாயின் சிவப்பும் அதிகாரியின் சிவப்பும் ஒன்றல்ல. சிப்பாயுடையது மேடர் வேரில் எடுத்த சாயம், செங்கல் பக்கம் சாயும். அதிகாரியுடையது கோச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது, பளிச்சென்று இருக்கும். 28வது ரெஜிமென்ட் அன்றைக்கும் பழைய மாதிரி உயர ஷாகோவோடுதான் நின்றது.

உங்கள் நீலம் கறுப்பாகத் தெரிவதற்கு வருவோம். நிஜத் துணியும் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும் அளவுக்கு அடர்நீலம்தான், ஆனால் அதே நிறத்தை இத்தனை சின்ன உருவத்தில் அப்படியே பூசினால் மடிப்பெல்லாம் செத்துவிடும். கறுப்பு பிரைமரை (அடிப்பூச்சு) விட்டுச் சாம்பல் பிரைமருக்கு வாருங்கள். அடர்நீலத்தைப் பள்ளங்களில் மட்டும் விட்டு, மேடுகளில் கொஞ்சம் வெளிர்நீலம் கலந்து இரண்டு பூச்சு கொடுங்கள். குறுக்குப் பட்டைகளுக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், சாம்பல் கலந்த வெள்ளையில் தொடங்கி விளிம்பில் மட்டும் வெள்ளை.

அப்புறம், சின்னப் பொம்மைக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டீர்களே. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1830களில் வாட்டர்லூ களத்தையே மாதிரியாகச் செய்தார். அந்தப் போரில் இருந்து உயிரோடு மிஞ்சிய அதிகாரிகளுக்குக் கடிதம் போட்டு, மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் படை எங்கே நின்றது, எதிரே யார், அங்கே என்ன பயிர் விளைந்திருந்தது என்று கேட்டிருக்கிறார். பயிரைக்கூட! 70,000க்கு மேற்பட்ட பொம்மைகள், எல்லாம் உங்களுடையதைவிடச் சிறியவை. 1838ல் காட்சிக்கு வந்த அந்த மாதிரி லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே நின்றவர்களுக்குச் செய்யும் மரியாதையாகத்தான் இந்த உழைப்பை நான் பார்க்கிறேன்.

உங்கள் முதல் வரிசையை 1813ன் அணிவகுப்பாக அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மேலங்கி போட்ட உருவங்களாகப் பார்த்து வாங்கி, வானநீல உருண்டையோடு ஒரே ஒரு கம்பெனி முடியுங்கள். முடித்ததும் படம் அனுப்புங்கள்.