சுவர்ப் பாசியில் நீர்க்கரடி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவரில் இருக்கும் பாசியைப் பல வருடமாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து வருகிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த உயிர் நீர்க்கரடி. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்த சில கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, நீர்க்கரடி நிஜமாகவே கரடி இனமா? ஏன் அந்தப் பெயர்?
(ஏழாம் வகுப்பு மாணவி, தென்காசி)

இல்லை கண்ணு. கரடிக்கும் அதற்கும் உறவே கிடையாது. எட்டுக் கால், ஒவ்வொரு காலிலும் நகம், புசுபுசுவென்று உருண்ட உடம்பு, ஆடி ஆடி ஒரு நடை. 1773இல் ஜெர்மனியில் கோட்ஸே என்ற பாதிரியார் இதைப் பார்த்து, நடையை வைத்து ‘குட்டி நீர்க்கரடி’ என்று எழுதினார். மூன்று வருடம் கழித்து இத்தாலியைச் சேர்ந்த ஸ்பல்லன்சானி ‘மெதுவாக நடப்பது’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். நீர்க்கரடியின் அறிவியல் பெயரான டார்டிகிரேடு அதிலிருந்து வந்ததுதான். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உன் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கு நடுவே இரண்டு மூன்று வரிசையாக நிற்கலாம்.

எந்தப் பாசியை எடுக்க வேண்டும்? குளத்துப் பாசியில் தேடித் தேடி அலுத்துவிட்டேன்.
(கல்லூரி மாணவர், கும்பகோணம்)

குளத்தில் வழுக்குகிற பச்சைப் பாசியை விட்டுவிடுங்கள் தம்பி. அங்கேயும் இருக்கலாம், ஆனால் தேடுவது பெரும்பாடு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், பழைய ஓடு, கோயில் மதில், மரத்தின் அடி, இங்கெல்லாம் குட்டிக் குட்டி இலைகளோடு மெத்தை மாதிரி வளரும் பாசிதான் வேண்டும். மழை பெய்தால் பச்சைப்பசேல் என்று ஆகி, வெயில் அடித்தால் காய்ந்து பழுப்பாகிற இடமாகப் பாருங்கள். காய்ந்து கிடக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். எனக்கு அதிகம் கிடைத்தது காய்ந்த பாசியில்தான். கல்லில் ஒட்டி வளரும் லைக்கனும், அதாவது கல்பாசி வகையும், நல்ல இடம்.

கட்டைவிரல் நகம் அளவு போதும். காகித உறையில் போட்டு இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து பார்த்தேன் மேடம். நெளிகிற புழுக்கள்தான் தெரிகின்றன. என்ன தவறு செய்கிறேன்?
(வங்கி ஊழியர், ஈரோடு)

தவறு ஒன்றும் இல்லை, செய்முறையை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். பாசியை இலைப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வையுங்கள். மழைத்தண்ணீர் நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்து குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். பாசி மூழ்கினால் போதும். ஐந்தாறு மணி நேரம் கழித்து, கிண்ணத்துக்கு மேலேயே பாசியைப் பிழிந்து உதறி எடுத்துவிடுங்கள். அப்புறம் கால் மணி நேரம் கிண்ணத்தைத் தொடவே கூடாது. நீர்க்கரடிக்கு நீந்தத் தெரியாது, மண்ணோடு மண்ணாக அடியில் இறங்கிவிடும். மேல் தண்ணீரைப் பார்த்தால் புழுதான் தெரியும். இங்க் ஃபில்லரால் அடி வண்டலை எடுங்கள்.

முதலில் 4எக்ஸ் பொருளருகு லென்ஸ், அதாவது மொத்தம் 40 மடங்கு. எடுத்ததுமே பெரிதாக்கப் பார்த்தால் வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதையாகிவிடும். கீழிருந்து வரும் வெளிச்சத்தைக் குறையுங்கள், ஸ்லைடுக்குக் கீழே அந்த வெளிச்சம் வரும் திறப்பைச் சுருக்குங்கள். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் உடம்பு, வெளிச்சம் கூடினால் கரைந்துபோகும்.

எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். நூல் துண்டு போலச் சாட்டை அடித்து நெளிந்தால் அது உருளைப்புழு. அட்டை மாதிரி நீண்டு சுருங்கி, தலையில் இரண்டு சக்கரம் சுழல்வது போல் தெரிந்தால் ரோட்டிபர். எட்டுக் காலும் மூட்டு மூட்டாக, மேலே ஓடு, முடி என்று வேகமாக நடந்தால் சிலந்திப்பேன் வகை. நீர்க்கரடி அவசரப்படாது. மணல் துகளை முன்கால்களால் கட்டிப்பிடித்து, பின்னங்கால்களால் எதையாவது பற்றிக்கொண்டு, பிடி கிடைக்காத கால்களால் தண்ணீரில் துழாவும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு ஆயிரம் தூசிக்கு நடுவிலும் கண் அதைப் பிடித்துவிடும்.

கிடைத்ததும் தனியாக எடுத்து ஸ்லைடில் விடுங்கள். கவர் ஸ்லிப்பை நேராக வைத்தால் நசுங்கிவிடும். நான்கு மூலையிலும் துளி வாசலின் தொட்டு வைத்தால் இடைவெளி கிடைக்கும். இப்போது 100 மடங்கில் பாருங்கள். நடக்க நடக்க உடம்புக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் கோலிக்குண்டு போல முன்னும் பின்னும் உருளும். உணவைச் சேமிக்கும் செல்கள் அவை. இதயம் கிடையாது, நுரையீரல் கிடையாது. தலையில் இரண்டு கரும்புள்ளிக் கண்கள் பல வகைகளில் உண்டு. வாய்க்குள் இரண்டு ஊசிகள் இருக்கும், பாசியின் செல்லை அவற்றால் குத்தி உறிஞ்சும்போது தொண்டைப் பந்து துடிப்பது நன்றாகத் தெரியும். நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

நான்கு நீர்க்கரடி கிடைத்தது. எல்லாமே விறைத்து நீண்டு கிடக்கின்றன. செத்துவிட்டனவா?
(ஆசிரியை, புதுக்கோட்டை)

பாசியை எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள் டீச்சர்? ஒரு நாளுக்கு மேல் என்றால், பெரும்பாலும் சாகவில்லை, மூச்சுமுட்டியிருக்கிறது. ஊறிய பாசி அழுக ஆரம்பித்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அப்போது அவை ஊதி, காலை நீட்டி, அசைவில்லாமல் ஆகிவிடும். புதுத் தண்ணீருக்கு மாற்றி, அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். சில மணி நேரத்தில் அசைய வாய்ப்பு உண்டு. இதைத் தெரியாமல் ஆரம்பத்தில் நான் எத்தனையோ நீர்க்கரடிகளைக் கொட்டியிருக்கிறேன், இப்போதும் மனசு கேட்பதில்லை.

எந்த மைக்ராஸ்கோப் வாங்கலாம்?
(பலர்)

4, 10, 40 எக்ஸ் லென்ஸ் உள்ள மாணவர் மைக்ராஸ்கோப் தாராளம். 1000 மடங்கு என்று பெட்டியில் போட்டிருப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித மைக்ராஸ்கோப்பான ஃபோல்டுஸ்கோப்பிலும், 140 மடங்கில், அழகாகத் தெரியும். ஆனால் அதில் தேடுவது கஷ்டம். வேறொரு லென்ஸால் தேடிப் பிடித்துவிட்டு அதில் பார்க்கலாம்.

150 டிகிரி வெப்பத்தையும் தாங்குமாமே. அப்படியென்றால் வேலூர் வெயில் அதற்கு ஒன்றுமே இல்லைதானே?
(வாசகர், வேலூர்)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. நீர்க்கரடியை எதுவும் ஒன்றும் செய்யாது என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. அது சரியில்லை. நீர்க்கரடிக்கு இரண்டு நிலை உண்டு. தண்ணீரில் நடந்து, தின்று, முட்டையிடும் நிலை ஒன்று. காய்ந்து, காலையும் தலையையும் உள்ளே இழுத்து, ஒரு குட்டிப் பீப்பாய் போல் சுருண்டுவிடும் நிலை இன்னொன்று. வியக்க வைக்கும் கதைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது நிலையில் நடந்தவை.

2020இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஒரு வகையைச் சோதித்தார்கள். நடமாடும் நிலையில், 37.1 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்தபோது பாதி செத்துவிட்டன. நம் உடம்புச் சூடு அவ்வளவுதான்! காய்ந்து சுருண்ட நிலையிலோ, ஒரு மணி நேரத்தில் பாதியைக் கொல்ல 82.7 டிகிரி வேண்டியிருந்தது. அதையே 24 மணி நேரம் நீட்டினால் 63.1 டிகிரி போதும். அதனால் சூடு மட்டும் கணக்கில்லை, எவ்வளவு நேரம் என்பதும் கணக்கு. 150 டிகிரி என்பது சில நிமிடங்களுக்குச் சொல்லப்பட்ட பழைய கணக்கு.

வேலூர் சுவரில் அவை பிழைப்பது எப்படி என்றால், வெயில் ஏறுமுன் பாசி காய்கிறது, அதோடு அவையும் காய்ந்துவிடுகின்றன. மைக்ராஸ்கோப்பை மதியம் சன்னலோரம் வைத்துப் பார்க்காதீர்கள். ஸ்லைடில் ஈரத்தோடு இருக்கும் நீர்க்கரடிக்கு அந்தச் சூடு ஆகாது.

காய்ந்துபோன உயிர் எப்படித் திரும்பவும் நடக்கும்? வீட்டில் செய்து பார்க்க முடியுமா?
(பிளஸ் டூ மாணவர், மதுரை)

செய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். நான் முதலில் ஸ்லைடின் மேல் ஒரு துளி தண்ணீரில் நீர்க்கரடியை விட்டு ஃபேன் காற்றில் காயவைத்தேன். தண்ணீர் ஊற்றியபோது எழவே இல்லை. வெறும் கண்ணாடியில் சட்டென்று காய்ந்தால் அது செத்துவிடும், சுருண்டுகொள்ள அதற்கு நேரம் வேண்டும். அடுத்த முறை, ஈர வடிதாள் துண்டில் கொஞ்சம் பாசித் தூளோடு விட்டு, கிண்ணத்தை ஓரம் மட்டும் திறந்து மூடி, இரண்டு நாள் நிழலில் வைத்தேன். சுவரில் பாசி காய்வதும் இப்படித்தானே, மெல்ல மெல்ல. மூன்றாம் நாள் லென்ஸில் பார்த்தால் மங்கிய சர்க்கரைத் துகள் போல ஒன்று கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுருக்கங்கள் விரிந்தன. கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பக்கத்தில் ஒரு மேடு எழும்பி, அதன் நுனியில் நகம் வெளியே வந்தது. அரை மணி நேரத்தில் மண்ணைப் பற்றி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

உள்ளே நடப்பது என்ன? ஈரமாக இருக்கும்போது உடம்பில் 85 சதவீதம் அளவுக்குத் தண்ணீர். காய்ந்த பிறகு 2, 3 சதவீதம்தான். சாதாரண செல் இப்படிக் காய்ந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுவிடும், சவ்வு கிழியும். சில நீர்க்கரடிகள் காயும்போது ஒரு தனி வகைப் புரதத்தை நிறையச் செய்கின்றன, அதற்கு நிலையான வடிவமே கிடையாது. தண்ணீர் போகப் போக அது கண்ணாடி போல இறுகி, மற்றவற்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. 2017இல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு இறுகினால் கடலை வைத்த இடத்திலேயே நிற்கும். தண்ணீரில் போட்டால் பாகு கரையும், கடலை உடையாமல் வெளியே வரும். கிட்டத்தட்ட அதுதான். மூச்சு, செரிமானம் எல்லாம் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடுகின்றன. தூக்கம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, தூங்கும்போது நமக்கு மூச்சு ஓடுகிறதே.

120 வருடம் கழித்து உயிர் பெற்றதாகப் படித்தேன். உண்மையா?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருச்சி)

இல்லை ஐயா. அருங்காட்சியகத்துப் பழைய பாசியில் ஒன்றின் கால் லேசாக அசைந்ததாக 1948இல் ஒரு குறிப்பு வந்தது. அது எழுந்து நடந்ததாக யாரும் காட்டவில்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது 30 வருடம். 1983இல் அண்டார்டிகாவில் எடுத்த பாசியை ஜப்பானியர்கள் மைனஸ் 20 டிகிரியில் வைத்திருந்தார்கள். 2014இல் அதை எடுத்து நனைத்தபோது இரண்டு நீர்க்கரடிகள் அசைந்தன, ஒரு முட்டையும் பொரித்தது. இரண்டில் ஒன்று இருபது நாளில் இறந்துவிட்டது. மற்றது தேறி 19 முட்டையிட்டு, 14 பொரித்தன. எனக்கு 120ஐ விட இந்த 14தான் பெரிதாகத் தெரிகிறது.

விண்வெளியில் பிழைத்தது, நிலாவில் இப்போதும் இருக்கிறது என்கிறார்களே?
(தகவல் தொழில்நுட்ப ஊழியர், சென்னை)

விண்வெளி உண்மை. 2007இல் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் காய்ந்த நிலையில் பத்து நாள் வெளியே வைத்தார்கள். வெற்றிடத்தைப் பெரும்பாலானவை தாங்கின. சூரியனின் புற ஊதாக் கதிரும் முழுதாகச் சேர்ந்து பட்டபோது மிகச் சிலதான் மிஞ்சின. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, இஸ்ரோவின் ஆய்வுகளில் ஒன்றாக நீர்க்கரடியும் போனது.

நிலா விஷயம் வேறு. 2019 ஏப்ரலில் இஸ்ரேலின் பெரஷீட் கலம் நிலாவில் மோதி நொறுங்கியது, அதில் காய்ந்த நீர்க்கரடிகள் இருந்தன. 2021இல் இங்கிலாந்தில் உறைந்த நீர்க்கரடிகளைத் துப்பாக்கிக் குழாயில் வைத்து மணலில் சுட்டுப் பார்த்தார்கள். விநாடிக்கு சுமார் 900 மீட்டர் வேகம் வரை தாங்கின, அதற்கு மேல் சிதறிவிட்டன. நிலாவில் ஒன்றிரண்டு உருப்படியாகக் கிடந்தாலும், தண்ணீர் இல்லாமல் எழுந்திருக்காது.

கதிர்வீச்சையும் தாங்குமா?
(கதிரியக்கத் துறை டெக்னீஷியன், கோவை)

தாங்கும். நம்மைக் கொல்ல 5 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு போதும் என்பது உங்களுக்கே தெரியும். சில நீர்க்கரடிகளுக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் கிரே கொடுத்தாலும் பாதி பிழைக்கின்றன. ஈரமாக இருக்கும்போதும் தாங்குவதுதான் இதில் ஆச்சரியம். ஆனால் 1,000 கிரேக்கு மேல் பட்டவற்றின் முட்டை பொரிக்கவில்லை. டோக்கியோ ஆய்வாளர்கள் 2016இல் டிஎன்ஏவைச் சுற்றிக் காக்கும் டிசப் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதை ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்லில் செய்யவைத்தபோது எக்ஸ்-கதிர்ச் சேதம் 40 சதவீதம் போலக் குறைந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகச் சுவர்ப் பாசியில் கிடைத்த ஒரு நீர்க்கரடி, கிருமி கொல்லும் புற ஊதா விளக்கையே தாங்கியது. அதன் உடம்பில் இருக்கும் பொருள் அந்தக் கதிரை உறிஞ்சி, தீங்கில்லாத நீல ஒளியாக வெளிவிடுகிறது. 2020இல் வெளியான ஆய்வு. சுவர்ப் பாசியை ஏன் இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

குடிதண்ணீரில் வந்தால் நோய் வருமா?
(இல்லத்தரசி, சேலம்)

வராதும்மா. மனிதருக்கு இதனால் எந்த நோயும் கிடையாது.

கடலிலும் உண்டா? நான் ராமேசுவரம் பக்கம்.
(மீன்வளத் துறை மாணவி, மண்டபம்)

உங்கள் ஊரே பெயர் பெற்ற இடம்! மண்டபம் கரை மணலில் கொச்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ட ஒரு புது இனத்துக்கு அப்துல் கலாம் பெயரில் பட்டிலிபஸ் கலாமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீளம் 0.17 மில்லிமீட்டர்தான். பிறகு அதே கரையில் கிடைத்த இன்னொன்றுக்கு சந்திரயான் பெயர். இவற்றுக்கு நகத்துக்குப் பதில் விரல் நுனியில் வட்டத் தட்டு இருக்கும், அதால் மணலில் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கடல் நீர்க்கரடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காய்ந்து பிழைக்கத் தெரியாது. அவை வாழும் இடம் காய்வதே இல்லையே. அதனால் மணலைக் காயவிடாமல் கடல் தண்ணீரோடு எடுத்து வாருங்கள், மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் அங்கே எடுக்க வேண்டாம். ஒரு கைப்பிடி மணலில் நல்ல தண்ணீரை ஊற்றிச் சில விநாடி சுழற்றுங்கள். அந்த அதிர்ச்சியில் பிடியை விடும். உடனே மேல் தண்ணீரை மிக நுண்ணிய வலையில் வடித்து, வலையில் தங்கியதைக் கடல் தண்ணீரில் அலசி ஒரு தட்டில் விட்டுவிடுங்கள். தாமதிக்க வேண்டாம், நல்ல தண்ணீரில் அவை நெடுநேரம் தாக்குப்பிடிக்காது.