மருத்துவர் பதில்: அப்பா நாள் குறித்துவிட்டார், நான் என்ன செய்ய?

நீங்கள் அப்பாவைக் கொல்லவில்லை. கடிதத்தில் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது நடுவில் வரும் ஒரு வரிதான்: "படிவம் எடுத்துக் கொடுத்ததும் மெய்ட் சேவைக்கு போன் போட்டதும் நான்தானே." கணையப் புற்றுநோயோடு டொராண்டோவின் ஸ்காபரோவில் உங்கள் வீட்டில் இருக்கும் அப்பா, மருத்துவ உதவியுடன் இறக்க (அதைத்தான் சுருக்கமாக MAID, மெய்ட் என்கிறார்கள்) முடிவெடுத்து மூன்று வாரத்தில் நாள் குறித்திருக்கிறார். அதைக் கேட்டவர் அவர். கனடாச் சட்டப்படி அவருக்காக வேறு யாரும் கேட்க முடியாது. மதிப்பிடும் இரண்டு மருத்துவப் பணியாளர்கள் தனித்தனியாக வந்து, அவரோடு பேசி, நோயைப் பார்த்து, தகுதி உண்டென்று சொல்லியிருக்கிறார்கள். அவர் சொத்தில் உங்களுக்குப் பங்கு இருப்பதால் சாட்சிக் கையெழுத்துக்கூட நீங்கள் போட முடியாது. நடக்க முடியாத அப்பாவுக்கு ஒரு எண்ணைச் சுழற்றிக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

என்னைப் பதறவைத்தது வேறொன்று. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வலி மருந்தான மார்பின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்று யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு, இரவு எட்டு மணி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறீர்கள். ஒன்பது மணிக்கே அப்பாவுக்குக் கண் சொருகுகிறது. இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்தபடி கட்டில் விளிம்பில் குனிந்திருந்து, "நாளைக்கே வரச் சொல்லு பிள்ளை" என்கிறார். பகலில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகக் கரைவதற்காகச் செய்த மாத்திரை அது. உடைத்தால் அந்த அமைப்பு போய்விடும். மருந்து முதல் சில மணியிலேயே மொத்தமாக இரத்தத்தில் இறங்கும். அதுதான் ஒன்பது மணி மயக்கம். நள்ளிரவுக்குப் பிறகு உடம்பில் மருந்து தீர்ந்து வலி மட்டும் மிஞ்சும். அதுதான் இரண்டு மணிக் குரல். மூச்சை மந்தமாக்கும் ஆபத்தும் உடைத்த மாத்திரையில்தான் அதிகம். புற்றுநோய் வலிக்கு அளவு பார்த்துக் கொடுக்கிற மார்பின் ஆயுளைக் குறைக்காது. தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) தாதியை இப்போதே அழைத்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எந்த அளவிலிருந்து திரும்பத் தொடங்குவது என்று அவர் சொல்லட்டும், நீங்கள் கணக்குப் போட வேண்டாம். கணைய வலிக்கென்றே வயிற்றின் நரம்புப் பின்னலில் போடுகிற ஊசி இருக்கிறது, தோலுக்கடியில் மருந்து செலுத்தும் சிறிய பம்ப் இருக்கிறது. இவற்றைப் பற்றியும் கேளுங்கள். நீங்கள் கொடுப்பதாக எழுதிய, ஊரிலிருந்து வந்த லேகியத்தையும் நிறுத்துங்கள்.

அப்பாவின் மனதை மாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. வலி அடங்கி, நான்கு இரவு நன்றாகத் தூங்கிய பிறகும் அதே நாளைச் சொன்னால், அது அவருடைய சொல். தள்ளிப்போடச் சொன்னால் அதுவும் அவருடைய சொல்தான். எது என்றாலும் மருத்துவர் கோபிக்க மாட்டார் என்பதை அவருக்குச் சொல்லி வையுங்கள். மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன்பு கடைசியாக ஒருமுறை கேட்பார்கள், வேண்டாம் என்றால் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் நினைவு தடுமாறிவிடுமோ என்ற பயம் இருந்தால், தெளிவாக இருக்கும்போதே இறுதிச் சம்மத விலக்கு, அதாவது அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போனாலும் மருந்து கொடுக்கலாம் என்ற முன்சம்மதம், எழுதிவைக்க 2021 முதல் வழி இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அது பொருந்துமா என்று மதிப்பிட்ட மருத்துவரிடம் கேளுங்கள்.

"உனக்குப் பாரமாக இருக்க மாட்டேன்" என்கிறார், நீங்கள் "அப்படிச் சொல்லாதீங்கோ அப்பா" என்று வாயை அடைக்கிறீர்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள், ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. "என்ன அப்பா பாரமாக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் தகப்பன் நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், மகள் தன்னைக் கழுவிவிடுவதுதான் தாங்கவில்லை என்றார். ஒரு ஆண் பி.எஸ்.டபிள்யூ. (வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி உதவும் பராமரிப்புப் பணியாளர்) வரத் தொடங்கிய பிறகு அவர் முகமே மாறியது. குறித்த நாளை அவர் மாற்றவில்லை. ஆனால் மிச்சமிருந்த கிழமைகளில் மகளோடு நிமிர்ந்திருந்து பேசினார்.

மற்றக் கேள்விகள். மருந்தில் மூச்சுத் திணறுமாம் என்ற வீடியோவை மறந்துவிடுங்கள். முதலில் தூக்கம் வரவைக்கும் மிடாசோலம், பிறகு அறுவைச் சிகிச்சையில் கொடுப்பதைவிட மிக அதிகமாக புரோபோஃபோல் என்ற மயக்க மருந்து. தசையைத் தளர்த்தும் மருந்து, ஆழ்ந்த மயக்கத்துக்குப் பிறகுதான் போகும். காப்புறுதிப் பணத்தை இதைக் காட்டி மறுக்க முடியாது, ஒன்ராறியோவில் 2017 இலிருந்து சட்டம் அப்படித்தான். இறப்புச் சான்றிதழில் புற்றுநோய் என்றே வரும். தற்கொலை, பாவம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து பேசுகிற சித்தப்பாவுக்கு நீங்கள் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. விரும்பினால் அப்பாவே பேசட்டும். கனடாவில் 2023 இல் மட்டும் 15,343 பேர் இப்படி இறந்தார்கள், பாதிக்கு மேற்பட்டோர் புற்றுநோயாளிகள். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஒன்பது வயது மகனிடம் "தாத்தா தூங்கப் போறார்" என்று சொல்லாதீர்கள், பிள்ளை தூங்கப் பயப்படும். இறக்கப் போகிறார் என்றே சொல்லுங்கள்.

அந்த நாளில் அறையில் இருக்க முடியுமா என்று தெரியவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கொஞ்சம் குறட்டை கேட்கலாம், பிறகு முகம் வெளிறும். கையைப் பிடித்திருக்கலாம், தேவாரம் போடலாம், கதவுக்கு வெளியிலும் இருக்கலாம். எது என்பதை முந்தின நாளே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், கண்ணை மூடும் நேரத்தில் அவர் உங்களைத் தேடக்கூடாது.