பழைய பேப்பரோடு போன கொப்பிகள்

அன்புள்ள அக்கா,

வியாழக்கிழமை வந்து உட்கார்ந்ததும் நீங்கள் முதலில் கேட்டது, "இவனுக்கு யாராவது செய்வினை செய்திருப்பார்களோ?" என்றுதான். நான் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். போட்டிப் பரீட்சை எழுதி முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக நியமனம் பெற்ற பிள்ளை, பதினான்காம் மாதத்தில் வேலையை விட்டுவிட்டுக் கதை எழுதப்போவதாகச் சொன்னால் எந்தத் தாய்க்கும் அப்படித்தான் தோன்றும். உங்கள் மகன், தம்பி, பக்கத்தில் இருந்ததால் அன்று சிலவற்றைச் சொல்லவில்லை.

வேலையை விடவேண்டாம் என்றே அவரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்த நாட்டில் தமிழ்க் கதை எழுதி வீட்டு வாடகை கட்டிய ஒருவரை நான் கண்டதில்லை. புத்தகம் போடுவதென்றால் பெரும்பாலும் எழுதியவரே அச்சகத்துக்குக் காசு கட்டவேண்டும். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் கடித உறையில் வைத்துத் தருவதைக் கொண்டு கடனை அடைத்தால், மீதிப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். மகாகவி என்ற பெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தி எழுதுவினைஞராகத் தொடங்கி நிருவாக சேவைக்குப் போனவர். நம் மூதூர் வ. அ. இராசரத்தினம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். மாதச் சம்பளம் இவர்கள் எழுத்தைக் கெடுத்ததாக யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால், "ஃபேனுக்குக் கீழே இருந்து பார்க்கிற வேலை, இவனுக்கு என்ன குறை?" என்று கேட்டீர்கள். குறை இருக்கிறது அக்கா.

மூதூர்ப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்து, 8.30 மணிக்கு முன் விரலடையாளம் வைக்கவேண்டும். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும 2023இல் தொடங்கியபோது முறையீட்டுக்கு வந்த கூட்டம் குறைந்துவிட்டது என்றாலும், பொதுமக்கள் தினத்தில் தலை நிமிர்த்த முடியாது. பிறகு கோவைகள். சிங்களத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த சுற்றறிக்கைத் தமிழிலேயே பதில் எழுதவேண்டும். 4.15க்குப் புறப்பட்டு வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, எழுத உட்கார்ந்தால், கதையில் வரும் கிழவி தன் மகனிடம், "மேற்படி விடயம் தொடர்பில் உமது கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்கிறாளாம்! தம்பி இதைச் சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள். அவருக்கு அது பகிடி இல்லை.

எழுதுகிற பிள்ளை என்று கந்தோரில் தெரிந்துவிட்டது இன்னொரு கரைச்சல். மாற்றலாகிப் போகும் ஒவ்வொரு அதிகாரிக்கும் வாழ்த்துமடல் எழுதுவது அவர்தான், இதுவரை ஏழு ஆகிவிட்டதாம். வாணி விழாவுக்கு அறிவிப்பாளரும் அவர்தான். அவர் தேநீர் குடிக்கப் போனால், "எங்களைப் பற்றி எழுதிவிடாதீர்" என்று பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம்.

நானும் பதினொரு வருடம் கோவை சுமந்தவன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர், பாதைப் படகுக்காகத் துறையில் காத்துநின்ற நேரத்தில்தான் நான் வாசித்ததெல்லாம். எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஓர் அதிகாரிக்கு நான் எழுதிய வாழ்த்துப்பாவை அவர் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். என் எழுத்தில் இன்றைக்கும் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஆகவே தம்பிக்கு நான் சொன்ன முதல் வேலை, எட்டாவது வாழ்த்துமடலை மரியாதையாக மறுப்பது.

அடுத்தது, சம்பள ஏற்றம் நிற்காமல் இருக்க எழுதவேண்டிய வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சை. எழுதுகிறவர்கள் இதைத்தான் தள்ளிப்போடுவார்கள். பிறகு சம்பள ஏற்றம் நின்று, வீட்டில் சண்டை வந்து, பழி முழுவதும் கதையின் தலையில் விழும். இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடைவதையும் சேர்த்து முதலில் முடித்துவிட்டால் உங்கள் வாயும் அடங்கும். கோபிக்காதீர்கள்.

இரவில் எழுதுவதை விட்டுவிடச் சொன்னேன். சுற்றறிக்கை காதில் இரையும் நேரம் அது. விடிய ஐந்து மணிக்கு எழும்பி முக்கால் மணித்தியாலம் எழுதட்டும். அந்த நேரத்தில் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போகவோ பால் வாங்கிவரவோ அவரைக் கேட்காதீர்கள். ஆண்டுக்கு 45 நாள் லீவு இருக்கிறது, அதில் நாலைந்தைக் கதைக்காக எடுத்தால் குடி முழுகாது.

ஒன்றில் மட்டும் அவரோடு கடுமையாகப் பேசினேன். மேசைக்கு முன்னால் ஒரு விதவை காணிப் பிரச்சினையைச் சொல்லி அழுவது உதவிக்காக. அது அவருக்குக் கிடைத்த கதைக்கரு அல்ல. கந்தோர்த் தகவலை ஊடகங்களுக்குக் கொடுக்க அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையிலும் கட்டுப்பாடு உண்டு. விதி இல்லாவிட்டாலும், பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று நினைக்கக்கூடாது. சின்ன ஊரில் கோவையின் நிறத்தைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சில வருடம் கிடக்கட்டும்.

இனி, அன்று சொல்லாமல் விட்டது. மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதற்குக் கணக்குச் சொல்லும்போது, "தீபாவளிக்கு வீடு ஒதுக்கினேன், இரண்டு கொப்பியைப் பழைய பேப்பரோடு போட்டேன், அதிலிருந்துதான்" என்று போகிற போக்கில் சொன்னீர்கள். அவர் வேலையை விடப்போவதாக முதன்முதலில் சொன்னதும் அந்தத் தீபாவளிக் கிழமையில்தான். நீங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதுவரை பதின்மூன்று மாதம் அந்தக் கந்தோரைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கலியாணம் பேசினால் சரியாகிவிடும் என்ற யோசனையை இப்போதைக்கு விடுங்கள்.

காணி உறுதி வைக்கும் பூட்டு லாச்சி ஒன்று உங்கள் அலுமாரியில் இருப்பதாகச் சொன்னீர்கள். உறுதியை வேறிடத்தில் வைத்துவிட்டு, அந்த லாச்சியின் திறப்பைத் தம்பியிடம் கொடுங்கள். அடுத்த மாதம் வரும்போது தடைதாண்டல் பரீட்சை விண்ணப்பத்தையும் எடுத்துவரச் சொல்லுங்கள், இருவருமாக நிரப்புகிறோம்.