அமெரிக்க மாநில ஆளுநர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்? ஏன்?

ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். 1893 முதல் 1897 வரை இல்லினாய் மாநிலத்தின் ஆளுநர். ஒரே ஒரு முறைதான் பதவியில் இருந்தார். அந்த நான்கு ஆண்டுகளில் அவர் செய்த ஒரு காரியத்துக்காக மட்டுமே இந்தக் கேள்விக்கு அவர் பெயரைச் சொல்லத் தயங்க மாட்டேன். சிறையில் இருந்த மூன்று பேரை விடுவித்தார். அவர்களை விடுவித்ததைவிட, எப்படி விடுவித்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் ஊர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நெருக்கமானவர். மன்னிப்பு வழங்கும் அதிகாரமும் அன்றைய இல்லினாயில் அவர் கையில்தான் இருந்தது. ஆகவே மன்னித்தால் வரும் பழியும் அவர் ஒருவருக்கே.

ஆல்ட்கெல்ட் 1847 டிசம்பரில் ஜெர்மனியில், நீடர்செல்டர்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் அமெரிக்காவில் குடியேறி, ஒஹையோ மாநிலத்தின் மான்ஸ்ஃபீல்ட் அருகே விவசாயம் செய்தார்கள். வறுமையான வீடு. பதினாறு வயதில் உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் சேர்ந்தார். வர்ஜீனியாவில் பிடித்த காய்ச்சல் அவர் உடல்நலத்தை ஆயுள் முழுவதும் குலைத்தது. பிறகு மேற்கே போய் ரயில் பாதை போடும் கூலி வேலை, பள்ளி ஆசிரியர் வேலை, அதோடு சட்டப் படிப்பு. மிசௌரியில் வழக்கறிஞராகி, அங்கே ஒரு மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1875இல் அதை உதறிவிட்டுச் சிகாகோவுக்கு வந்தார். நிலம், கட்டடம் வாங்கி விற்பதில் நல்ல பணம் பார்த்தார். டியர்போர்ன் தெருவில் யூனிட்டி கட்டடம் என்ற பதினாறு மாடிக் கட்டடத்தை எழுப்பினார். இப்படிப் பார்த்தால், ஏழையாகப் பிறந்து செல்வந்தரான இன்னொரு குடியேறி, அவ்வளவுதான்.

ஆனால் 1884இல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். குற்றவாளிகள் என்று நாம் அடைத்து வைப்பவர்களில் பெரும்பாலானோர் ஏழைகள், சிறை அவர்களைத் திருத்துவதில்லை, மேலும் கெடுக்கிறது என்பது அதன் சாரம். பிற்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய குற்றவியல் வழக்கறிஞரான கிளாரன்ஸ் டேரோ, இளைஞனாக இருந்தபோது அந்த நூலைப் படித்துத்தான் இவரிடம் ஈர்க்கப்பட்டார். 1886 முதல் 1891 வரை ஆல்ட்கெல்ட், சிகாகோ அடங்கிய குக் மாவட்டத்தின் உயர்நிலை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். 1892 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஆளுநரானார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மாநிலத்தில் அந்தக் கட்சி வென்ற ஆளுநர் தேர்தல் அது. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் அங்கே ஆளுநரானதும் அதுவே முதல் முறை.

அவர் மேசையில் காத்திருந்தது ஹேமார்க்கெட் வழக்கு.

நான் தொழிலாளர் வழக்குகளில் பணிபுரிகிறவன். மே தினத்தின் வேர்களைத் தேடிப் படிக்கப் போனபோதுதான் ஆல்ட்கெல்ட் எனக்கு அறிமுகமானார். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1 அன்று அமெரிக்கா முழுவதும் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மே 3 அன்று சிகாகோவின் மெக்கார்மிக் தொழிற்சாலை வாசலில் போலீஸ் சுட்டது. அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். மேயர் கார்ட்டர் ஹாரிசனே நேரில் வந்து பார்த்து, அமைதியாகத்தான் நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மழை வருவதுபோல் இருந்ததால் கூட்டமும் கரைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் போலீஸ் படை அணிவகுத்து வந்து கலைந்து போகச் சொன்னது. யாரோ ஒரு குண்டை வீசினார். அந்த இரவின் விளைவாக ஏழு போலீஸ்காரர்கள் இறந்தனர். போலீஸ் சுட்டதில் பொதுமக்களும் இறந்தனர். குண்டை வீசியவர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

குண்டு வீச்சுக்குத் தூண்டியதாக, அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதக் கொள்கையுடைய எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 1887 நவம்பர் 11 அன்று பார்சன்ஸ், ஸ்பைஸ், ஃபிஷர், ஏங்கல் ஆகிய நால்வர் தூக்கிலிடப்பட்டனர். லிங் அதற்கு முந்தைய நாளே சிறை அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஃபீல்டன், ஷ்வாப் இருவரின் மரண தண்டனையை அப்போதைய ஆளுநர் ஓகில்ஸ்பி ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். நீபேவுக்குப் பதினைந்து ஆண்டுகள். இவர்களின் நினைவோடு சேர்ந்துதான் மே 1 உலகம் முழுவதும் பரவியது. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் அந்தத் தொடர்ச்சியில்தான்.

1893இல் அந்த மூவரும் ஜோலியட் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி ஏராளமானோர் கையெழுத்திட்டிருந்தனர். அவர்களில் சிகாகோவின் வங்கியாளர்களும் வணிகர்களும் உண்டு. எல்லோரும் கேட்டது கருணையை. தண்டனை அனுபவித்தது போதும், ஊர் அமைதியாகிவிட்டது, பெரிய மனது பண்ணி விட்டுவிடுங்கள் என்றார்கள். அப்படி நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் ஆல்ட்கெல்டை யாரும் பெரிதாகத் திட்டியிருக்க மாட்டார்கள். சிலர் பாராட்டியும் இருப்பார்கள்.

அவர் வழக்கின் பதிவுகள் முழுவதையும் வரவழைத்துப் படித்தார். மாதங்கள் ஓடின. அவசரப்பட்ட டேரோவிடம், இவர்களை நான் விடுவித்தால் அன்றோடு என் அரசியல் வாழ்வு முடியும் என்ற பொருள்படச் சொன்னார். 1893 ஜூன் 26 அன்று மூவரையும் எந்த நிபந்தனையும் இல்லாமல் விடுவித்தார். கூடவே ஏறத்தாழ 18,000 சொற்கள் கொண்ட ஒரு விளக்கத்தையும் வெளியிட்டார்.

அந்த விளக்கத்தின் அடித்தளம் ஒரு வரியில் அடங்கும்: இவர்கள் குற்றவாளிகள் என்றால், கருணை காட்ட என்னிடம் எந்தக் காரணமும் இல்லை; குற்றவாளிகள் இல்லை என்றால், கருணை என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைச் சொல்லிவிட்டு விசாரணையைக் கூறுகூறாகப் பிரித்துப் போட்டார். குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியின் உறுப்பினர்களைப் பெட்டியிலிருந்து சீட்டு எடுத்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். இந்த வழக்கில் ஹென்றி ரைஸ் என்ற சிறப்பு அலுவலர் தன் விருப்பப்படி ஆள் பிடித்து வந்தார். இந்த வழக்கை நானே பார்த்துக்கொள்கிறேன், இவர்கள் தொங்கப்போவது உறுதி என்று அவர் சொன்னதாக ஒரு வணிகர் பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். 981 பேரை விசாரித்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு ஏற்கெனவே இவர்கள் குற்றவாளிகள் என்ற எண்ணம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர்களைக்கூட, நீதிபதி ஜோசப் கேரி விடாமல் கேள்வி கேட்டு, நியாயமாக நடந்துகொள்வேன் என்று சொல்ல வைத்து, தகுதியானவர்கள் என்று ஏற்றுக்கொண்டார். வாதத்துக்கு இறங்கும் முன்பே தீர்ப்பு ஜூரியின் இருக்கைகளில் உட்கார்ந்துவிட்டது. இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சாட்சியங்களின் நிலை இன்னும் மோசம். குண்டு வீசியவர் யார் என்றே தெரியாதபோது, அவரை இவர்கள் தூண்டினார்கள் என்று எப்படி நிரூபிப்பது? போலீஸ் படை வந்தபோது ஃபீல்டன், மேடையாகப் பயன்பட்ட வண்டிமேல் நின்று பேசி முடிக்கும் கட்டத்தில் இருந்தார். ஷ்வாப் வேறொரு கூட்டத்தில் பேசப் போயிருந்தார். நீபே அந்த இடத்திலேயே இல்லை. போலீஸ் முன்பு செய்த அடக்குமுறைக்குத் தண்டனையே கிடைக்காததால், பாதிக்கப்பட்ட யாரோ ஒருவர் தனிப்பட்ட பழிவாங்கலாகவும் குண்டை வீசியிருக்கலாம் என்று ஆல்ட்கெல்ட் எழுதினார். இந்த ஒரு கருத்தே அன்றைய செல்வந்தர்களைக் கொதிக்க வைக்கப் போதுமானதாக இருந்தது. நீதிபதியின் ஒருதலைப்போக்கையும் வெளிப்படையாகவே கண்டித்தார். கேரியுடன் அவருக்குப் பழைய மனக்கசப்பு இருந்தது, அதைத் தீர்த்துக்கொண்டார் என்று எதிரிகள் சொன்னார்கள். இருந்திருக்கலாம். ஆனால் ஜூரி தேர்வைப் பற்றி அவர் எடுத்துக் காட்டியவை எல்லாம் வழக்கின் ஆவணங்களில் இருந்தவை. மனக்கசப்பு அவற்றைப் பொய்யாக்கிவிடாது.

விளைவை அவர் சரியாகவே கணித்திருந்தார். கருணை கேட்டுக் கையெழுத்திட்டவர்கள்கூட ஒதுங்கிக்கொண்டார்கள். அவருக்குக் கொடும்பாவி கட்டி எரித்தார்கள். இவர் உடலில் அமெரிக்க ரத்தம் ஒரு துளியும் ஓடவில்லை என்கிற ரீதியில் சிகாகோ டிரிப்யூன் எழுதியது. பதினாறு வயதில் அந்த நாட்டுக்காகப் போருக்குப் போன ஒருவரைப் பற்றி இப்படி எழுதினார்கள்.

மன்னிப்போடு நின்றுவிடவில்லை. அதே 1893இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலை வேலையில் வைப்பதைத் தடை செய்தது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. அதை நடைமுறைப்படுத்தும் தலைமை ஆய்வாளராக ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்ணை நியமித்தார். அரசு வழக்கறிஞர்கள் தன் வழக்குகளை நடத்த முன்வராததால், கெல்லி தானே சட்டம் படித்துப் பட்டம் வாங்கினார். எட்டு மணி நேரப் பிரிவை மட்டும் 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. முதலாளியும் தொழிலாளியும் விரும்பியபடி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்துக்கு எதிரானது என்பது காரணம். தொழிலாளர் சட்டங்களைப் படிக்கிற யாருக்கும் இந்த வாதம் புதிதல்ல.

1894இல் புல்மன் வேலை நிறுத்தம் வந்தது. ரயில் படுக்கைப் பெட்டிகள் தயாரித்த ஜார்ஜ் புல்மனின் நிறுவனம், பொருளாதார நெருக்கடியைக் காட்டிக் கூலியைக் கடுமையாக வெட்டியது. ஆனால் அதே தொழிலாளர்கள் குடியிருந்த நிறுவன வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே தொழிலாளர் சங்கம் புல்மன் பெட்டிகளைப் புறக்கணித்தது. அஞ்சல் போக்குவரத்து தடைபடுகிறது என்று சொல்லி, குடியரசுத் தலைவர் கிளீவ்லாண்ட் சிகாகோவுக்கு மத்திய அரசின் ராணுவத்தை அனுப்பினார். ஆளுநரைக் கேட்கவே இல்லை. இத்தனைக்கும் இருவரும் ஒரே கட்சி. உள்நாட்டுக் கலவரத்தை அடக்க மாநிலம் கேட்டால்தான் மத்திய அரசு தலையிடலாம், என்னிடம் போதிய படை இருக்கிறது, ராணுவத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று ஆல்ட்கெல்ட் நீண்ட தந்திகள் அனுப்பினார். கிளீவ்லாண்டின் பதில்கள் சுருக்கமாகவும் அலட்சியமாகவும் இருந்தன. மறுஆண்டு உச்ச நீதிமன்றமும் மத்திய அரசின் பக்கமே நின்றது.

இங்கே ஆல்ட்கெல்டைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. உள்ளூர் அதிகாரிகள் கேட்டபோது அவரும் மாநிலப் படையை அனுப்பினார். சிகாகோவில் ஜூலை 7 அன்று அந்தப் படை சுட்டதில் மக்கள் இறந்தார்கள். அவர் புரட்சிக்காரர் அல்லர். அராஜகவாதக் கொள்கையில் அவருக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. தனக்குப் பிடிக்காத கருத்துடையவர்களுக்கும் நேர்மையான விசாரணை வேண்டும் என்று நின்றார் என்பதால்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. வேலை நிறுத்தம் தோற்ற பிறகு ஆகஸ்டில் நேரில் போய், புல்மன் குடியிருப்பில் பட்டினி கிடந்த குடும்பங்களைப் பார்த்தார். நிறுவனத்திடம் உதவி கேட்டார். மறுத்துவிட்டார்கள். பிறகு பொதுமக்களிடமே உணவுக்காக வேண்டுகோள் விடுத்தார்.

1896 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கிளீவ்லாண்டின் கொள்கைகளைக் கட்சியே கைவிட்டதற்குப் பின்னால் இருந்த முக்கியமான கை இவருடையது. வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் குடியரசுத் தலைவர் தேர்தலில் இவர் நிற்க முடியாது. அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் ஜான் டேனரிடம் தோற்றார். பதவியேற்பு விழாவில், விடைபெறும் ஆளுநர் பேசுவது வழக்கம். அந்த வாய்ப்பைக்கூட இவருக்குக் கொடுக்கவில்லை.

பணமும் போயிற்று. டிராம் முதலாளி சார்லஸ் யெர்க்ஸ், சிகாகோ தெருக்களின் உரிமத்தை நீண்ட காலத்துக்குத் தன் பிடியில் வைத்துக்கொள்ளச் சட்டமன்றத்தில் மசோதாக்களை நிறைவேற்றச் செய்திருந்தார். 1895இல் ஆல்ட்கெல்ட் அவற்றைத் தன் அதிகாரத்தால் நிராகரித்தார். அப்போது அவருடைய சொத்து நிலைமை மிகவும் மோசமாக இருந்தது. அவருக்குப் பெரும் லஞ்சம் தர முன்வந்ததாகச் சொல்வார்கள்; அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் மீண்டிருப்பார். யூனிட்டி கட்டடமும் கைவிட்டுப் போனது. 1899இல் சிகாகோ மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். கடைசியில் டேரோவின் அலுவலகத்தில் வழக்கறிஞராகச் சேர்ந்து மறுபடி தொழிலைத் தொடங்கினார். 1902 மார்ச்சில், பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் போயர்களுக்கு ஆதரவாக ஜோலியட்டில் பேசிக்கொண்டிருந்தபோது நிலைகுலைந்து, மறுநாள் இறந்தார். வயது 54. சிகாகோ பொது நூலகத்தில் வைக்கப்பட்ட உடலைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வந்தனர். இறுதி நிகழ்ச்சியில் டேரோவும் சமூக சேவகர் ஜேன் ஆடம்ஸும் பேசினார்கள். 1915இல் சிகாகோவின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். வடித்தவர், பின்னாளில் ரஷ்மோர் மலையில் குடியரசுத் தலைவர்களின் முகங்களைச் செதுக்கிய கட்ஸன் போர்க்லம்.

வாழ்க்கை வரலாறுகளைத் தேடும் முன் அந்த மன்னிப்பு விளக்கத்தைப் படியுங்கள். இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. நீளமாக இருக்கிறதே என்று தோன்றினால், ஜூரி தேர்வு பற்றிய முதல் பகுதியை மட்டுமாவது படியுங்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் அதை ஜூரிகளின் கேள்வி பதில்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தப் பதிவுகளைத் தன் விளக்கத்திலேயே அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.