இயற்பியலை விட்டு பி.காம். மாறலாமா?

கேள்வி: மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு, இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தேன்; கணக்கு-அறிவியல் குரூப், கணிதத்தில் 68. கல்லூரியில் முதல் செமஸ்டர் அலைடு (துணைப்பாட) கணிதத்தில் 31 எடுத்து அரியர் (இன்டர்னல் 18, எக்ஸ்டர்னல் 13). மேஜர் தாளில் 43. பாடம் பாதிதான் புரிகிறது. தினமும் ஆரப்பாளையத்துக்கு பஸ்ஸில் வந்துபோகிறேன். லீவில் கீழமாசி வீதியில் மாமாவின் மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுவேன், அது பிடித்திருக்கிறது. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிக்க ஆசை. பி.காம். மாறலாமா? அப்பா, "சேர்ந்ததை முதலில் முடி" என்கிறார். ஒரு வருடம் வீணாகுமே என்று எனக்கும் பயம்.
(முதலாண்டு மாணவர், உசிலம்பட்டி)

பதில்: தம்பி, நல்லவேளையாக அந்த 31-ஐப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். இன்டர்னலில் 25-க்கு 18 என்றால் வகுப்புக்கு ஒழுங்காகப் போயிருக்கிறீர்கள், அசைன்மென்ட் கொடுத்திருக்கிறீர்கள், சின்னத் தேர்வுகளைச் சமாளித்திருக்கிறீர்கள். பஸ் பயணத்தின் மேல் பழி போட வழியில்லை. எக்ஸ்டர்னலில் 75-க்கு 13 என்பதுதான் விஷயம். பிளஸ் டூ கணிதத்தில் 68 எடுத்தவருக்கு வகையிடலும் தொகையிடலும் அணிகளும் புதிதல்ல. அலைடு கணிதத்தில் கணிசமான பகுதி அவற்றின் தொடர்ச்சிதான். தெரிந்த கணக்கையே மூன்று மணி நேரம் ஆங்கிலத்தில் வாசித்து, ஆங்கிலத்தில் விளக்கி எழுதும்போது சறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். தமிழ் வழியில் வந்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் இது சர்வசாதாரணம்.

ஊகத்தில் விடவேண்டாம். விடைத்தாள் நகல் கேட்க வசதி இருந்தால், கட்டணம் கட்டி வாங்கிப் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் கேள்வித்தாளையாவது எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்தக் கேள்வியை விட்டீர்கள் என்று குறியுங்கள். கணக்கை ஆரம்பித்துப் பாதியில் நின்றிருந்தால் பாடத்தில் ஓட்டை. கேள்வி என்ன கேட்கிறது என்றே பிடிபடாமல் விட்டிருந்தால் மொழியில் ஓட்டை. அதே தலைப்பைப் பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தில் ஒரு முறை படித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். வந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மொழிதான் சிக்கல் என்றால் அது பி.காமுக்கும் கூடவே வரும். சி.ஏ.வுக்கு இன்னும் அதிகமாக வரும்: அந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதலாம், தமிழில் இல்லை. அதன் முதல் நிலையான ஃபவுண்டேஷனில் நான்கு தாள், தாளுக்கு 100 மதிப்பெண். கணக்கியல், வணிகச் சட்டம், குவாண்டிடேடிவ் ஆப்டிட்யூட், வணிகப் பொருளியல். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். சட்டத் தாள் முழுக்க ஆங்கிலத்தில் விரித்து எழுத வேண்டியது. மூன்றாம் தாளில் கணிதமும் புள்ளியியலும் இருக்கின்றன. கணிதத்திலிருந்து தப்பிக்கத்தான் வணிகவியல் என்று மனதின் ஓரத்தில் ஓர் எண்ணம் இருந்தால், அது அங்கே பலிக்காது.

அடுத்தது, வணிகவியல் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்பது. மாமா கடையில் நீங்கள் செய்வது பெரும்பாலும் பில் போடுவது, பாக்கி எழுதுவது, சரக்கு இருப்புப் பார்ப்பது என்று வைத்துக்கொள்கிறோம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில்லைப் பதிவு செய்தால் பற்று வரவு தானாக விழுந்துவிடும்; ஏன் அங்கே விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. பி.காமில் கேட்பது அதைத்தான். கடைத்தெருவின் பரபரப்பும் கையில் பணம் புழங்குவதும் பிடித்துப்போய், அதையே கணக்கியல் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டு பி.காமில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் கார்ப்பரேட் கணக்கியல் வந்ததும் விழிப்பவர்கள் உண்டு.

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கில வழிப் புத்தகத்தையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரம், தினம் ஒரு மணி நேரம். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம், இறுதிக் கணக்குகள் என்ற வரிசையில் போங்கள். தமிழில் புரிந்துகொண்டு, பயிற்சிக் கணக்கை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து போடுங்கள். பிளஸ் ஒன்னிலிருந்தே வணிகவியல் குரூப் படித்துவந்த மாணவர்கள் இதையெல்லாம் இரண்டு வருடம் போட்டுப் பழகிய பிறகுதான் பி.காம். வகுப்பில் உட்காருகிறார்கள். முதல் செமஸ்டர் பைனான்ஷியல் அக்கவுண்டிங் பல இடங்களில் அவர்கள் வேகத்தில்தான் போகும். எப்படியானாலும் இந்தப் புத்தகத்தை நீங்கள் முடித்தே ஆகவேண்டும்.

இந்த மூன்று வாரத்தில் மார்க் போட்டுப் பார்க்காதீர்கள். இருப்பாய்வில் (பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) இரண்டு பக்கமும் ஒட்டாமல் 1,800 ரூபாய் இடிக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். எங்கே தப்பு என்று பேரேட்டைத் திருப்பித் தேடிக்கொண்டே இருந்தால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும். விடைப் பகுதியைப் பார்த்துவிட்டு மூடிவைத்தால், இயற்பியலில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

இனி சி.ஏ. அதற்கு பி.காம். கட்டாயம் இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் ஃபவுண்டேஷன் எழுதலாம். இயற்பியல் மாணவராக இருந்துகொண்டே இப்போதே பதிவு செய்யலாம். பதிவுக்கும் தேர்வுக்கும் நான்கு மாத இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். பட்டம் முடித்து நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டில் சேர இன்னொரு வழியும் உண்டு: வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம், மற்றப் பட்டதாரிகளுக்கு 60. இப்போதைய உங்கள் இயற்பியல் மதிப்பெண்ணை வைத்து அந்த 60-ஐ நம்பி உட்காருவது சரிவராது. உங்களுக்கு ஃபவுண்டேஷன் வழிதான். தேர்வை நடத்தும் கணக்காயர் நிறுவனத்துக்கு மதுரையிலேயே கிளை இருக்கிறது. ஏஜென்ட், கோச்சிங் சென்டர் விளம்பரங்களை நம்புவதற்கு முன் அங்கே போய் விசாரியுங்கள்.

சி.ஏ. நினைத்தபடி நடக்காமல் போனால்? பல பேருக்கு நடக்காமல் போகிறது, அதையும் கணக்கில் வையுங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கித் தேர்வுகள், எம்.பி.ஏ., மூன்றாண்டு சட்டப் படிப்பு இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு பட்டம் இருந்தால் போதும், இயற்பியலா வணிகவியலா என்று பார்ப்பதில்லை. வாத்தியார் வேலையில் மட்டும் பார்ப்பார்கள். இயற்பியல் படித்தால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கும் வழி உண்டு. வணிகவியலுக்கு அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் பணியிடம்தான். அதற்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். இளங்கலை ஒன்று, முதுகலை வேறொன்று என்று கிராஸ் மேஜர் ஆகிப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் அனேகம். வீட்டில் யாருக்காவது 'பையன் வாத்தியார் ஆகட்டும்' என்ற நினைப்பு இருந்தால் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் மாறுவதுதான் என்றால், எப்படி மாறுவது? ஒரே கல்லூரிக்குள் மேஜர் மாற்றம் என்பது பொதுவாக முதல் செமஸ்டரின் ஆரம்ப வாரங்களில், காலியிடம் இருந்தால் மட்டும் நடப்பது. பதிவெண் அந்தத் துறையின் பெயரில் போய்விட்டால் கதவு மூடியது என்றே கொள்ளுங்கள். முதல்வரிடம் ஒரு மனு கொடுத்துக் கேட்பதில் தப்பில்லை. எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆனால் உங்களுக்கு நடக்கப்போவது பெரும்பாலும் புதுச் சேர்க்கைதான். வரும் மே மாதம், பிளஸ் டூ முடித்துவரும் பிள்ளைகளோடு சேர்ந்து, முதலாண்டுக்கு மறுபடி விண்ணப்பிப்பது. அங்கே பேசப்போவது உங்கள் பிளஸ் டூ மதிப்பெண். அரசுக் கலைக் கல்லூரிகளின் பொதுத் தரவரிசைக்கு மொழிப் பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் 400-ஐத்தான் எடுப்பார்கள். உதவி பெறும் கல்லூரிகளில் தனித்தனி விண்ணப்பம். பி.காமுக்கு வணிகவியல் குரூப் மாணவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. ப்ராஸ்பெக்டஸில் தகுதி வரியைப் படித்துவிட்டு விண்ணப்பம் வாங்குங்கள். மதுரையில் பி.காம். இடங்கள் சீக்கிரம் நிரம்பும். உதவி பெறும் பிரிவில் கிடைக்காமல் சுயநிதிப் பிரிவில்தான் இடம் என்றால் கட்டணம் ஒரேயடியாக ஏறும். மூன்று வருடக் கட்டணத்தையும் கூட்டி அப்பாவிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் விபரீதம் ஒன்றே ஒன்றுதான். 'எப்படியும் மாறப்போகிறோம்' என்று பிப்ரவரியிலேயே வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுவது. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும், தேர்வு எழுத விடமாட்டார்கள், மே மாதம் பி.காம். இடமும் கிடைக்காது, இரண்டும் போய் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆகவே இரண்டாம் செமஸ்டரை முழுக்க முடியுங்கள், பிராக்டிகல் உட்பட. அரியர் கணிதத்துக்கும் கட்டணம் கட்டி எழுதுங்கள். அதே கல்லூரியில் பி.காம். கிடைத்தால், தேறிய தமிழ், ஆங்கிலத் தாள்களுக்கு விலக்குக் கேட்டுப் பார்க்கலாம். கொடுப்பது கல்லூரியின் முடிவு. மேஜர், அலைடு தாள்கள் எதுவும் கூட வராது.

புது இடம் உறுதியாகி, சேர்க்கைக் கடிதம் கையில் வரும்வரை டி.சி. கேட்காதீர்கள். அதன் பிறகு நூலகம், ஆய்வகம், விடுதி என்று நோ ட்யூஸ் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் டி.சி. தருவார்கள். கட்டிய கட்டணம் திரும்ப வராது. சேர்க்கையின் கடைசித் தேதியிலிருந்து 30 நாள் தாண்டினாலே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிப்படி எதுவும் கிடையாது. அதே நேரம், மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் சான்றிதழ்களைத் தருவோம் என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால் பணிந்துபோக வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, நடக்கும் ஆண்டுக்கோ செமஸ்டருக்கோ தவிர முன்கூட்டிக் கட்டணம் கேட்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது.

தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா? கல்வி உதவித்தொகை ஏதும் வாங்குகிறீர்களா? முதலாண்டுக்கு மறுபடி சேர்ந்தால் இவை தொடருமா என்று கல்லூரியில் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியரிடம் டி.சி.க்கு முன்பே கேட்டுவிடுங்கள். பலர் இதைச் சேர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

மாறாமலே வணிகவியல் படிக்கவும் வழி உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-லிருந்து யு.ஜி.சி. அனுமதிக்கிறது, தொலைநிலையில் படிக்க வைக்கும் இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பி.காம். போடலாம், இக்னோவின் மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது. ஆனால் அரியரோடு ஒரு பட்டத்தையே இழுத்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டாவது பட்டம் தோதுப்படாது. முதல் மேஜரில் 60-க்கு மேல் எடுப்பவருக்கு இதைச் சொல்வோம். உங்களுக்கு இப்போது சொல்லமாட்டோம். கல்லூரியை அடியோடு விட்டுவிட்டு சி.ஏ. மட்டும் படிக்கிறேன் என்பதற்கும் இதே பதில்தான். கையில் பட்டம் இல்லாமல் சி.ஏ.வும் பாதியில் நின்றால், பிளஸ் டூ சான்றிதழோடு 23 வயதில் வேலை தேடுவீர்கள்.

எங்கள் கணிப்பைச் சொல்லிவிடுகிறோம். கணக்குப்பதிவியல் புத்தகத்தை மூன்று வாரம் விடாமல் போட்டு முடித்தீர்களானால் மாறுங்கள். 18 வயதில் ஒரு வருடம் பெரிதல்ல. பிடிக்காத மேஜரில் அரியரைச் சேர்த்துக்கொண்டே போனால் மூன்று வருடப் பட்டம் தானாகவே நான்கு, ஐந்து வருடம் ஆகிவிடும். முதல் வாரத்திலேயே புத்தகம் மூலைக்குப் போனால் இயற்பியலிலேயே இருங்கள். இந்த வருடமே ஆங்கிலத்தையும் அலைடு கணிதத்தையும் சரிசெய்யுங்கள். மேஜரை 55-க்கு மேல் ஏற்றும் வேலையை இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பாவிடம் இப்போது வாதாட வேண்டாம். அவர் பயம் நியாயமானது: இதை விட்டவன் நாளைக்கு அதையும் விடுவானோ என்பது. போட்டு முடித்த கணக்கு நோட்டையும், இரண்டாம் செமஸ்டர் ஹால் டிக்கெட்டையும், பி.காம். கட்டண விவரத்தையும் ஏப்ரல் கடைசியில் அவர் முன்னால் வையுங்கள். மாமாவையும் கூட உட்காரச் சொல்லுங்கள். கணக்கு எழுதும் கையை அவர்தான் நேரில் பார்த்திருக்கிறார்.