துருக்கி 9/8 பாட்டில் கால் முந்திவிடுகிறதா?

எகிப்திய பாணி பெல்லி டான்ஸ் பழகிய நீங்கள், துருக்கியின் ரோமா (ஜிப்சி) மக்களின் பாட்டுக்கு ஆடும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு முந்திவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் திறமையில் குறை இல்லை, தாளமே வேறு.

நீங்கள் பழகிய எகிப்தியத் தாளங்கள், மக்ஸூம், ஸயீதி எல்லாம் நான்கு எண்ணிக்கை. ரோமா பாட்டு ஒன்பது, 9/8 என்பது இதுதான்: இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. உடல் நான்கு சம அடிக்குப் பழகியதால் கடைசி மூன்றையும் இரண்டாகச் சுருக்கிவிடுகிறது. முதலில் ஆடாமல் "தக தக தக தகிட" என்று சொல்லிக் கைதட்டுங்கள். அப்புறம் நடை மட்டும். இடுப்பைக் கடைசியில் சேர்த்தால் போதும்.

இன்னொன்று, எகிப்திய ஆட்டத்தில் அசைவு உள்ளடங்கியது. எகிப்திய நடனக் கலைஞர் தஹியா கரியோக்காவின் பழைய படங்களைப் பார்த்தால் தெரியும், எவ்வளவு நிதானம்! இஸ்தான்புல் ரோமா ஆட்டத்தில் துள்ளல் அதிகம். வயிற்றுக்கு முன்னால் கைச் சைகைகள், சட்டென்று விழும் இடுப்பு வெட்டு. அங்கே உங்கள் மெல்லிய நடுக்க அசைவுகளைத் திணித்தால் தகிடவின் அழுத்தம் தொலைந்துவிடும். இந்தப் பாட்டுக்கு அவற்றை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

எந்தப் பாட்டு, என்ன வேகம் என்று எழுதுங்கள். வேகமானது என்றால் முதலில் மெதுவாக ஓடவிட்டுப் பழகுவது நல்லது.