பழைய தோல் கைப்பையில் பூஞ்சை வாடை

பாட்டியின் பழைய தோல் கைப்பையில் பூஞ்சை வாடை அடிக்கிறது, வெயிலில் காயவைத்துப் பார்க்கிறேன், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வெயிலில் காயவைப்பதை முதலில் நிறுத்துங்கள், பையின் தோல் வெடித்துவிடும். செண்ட் அடித்தும் போகவில்லை என்கிறீர்கள், போகாது, ஏனென்றால் வாடை பெரும்பாலும் தோலில் இல்லை, உள்ளே தைத்திருக்கும் துணியில்தான் இருக்கிறது. பல வருடம் பீரோவுக்குள் மூடியே கிடந்த பையில் ஈரம் தங்கி, அந்தத் துணியில் பூஞ்சை பிடித்திருக்கும்.

உள் பாக்கெட்டை வெளியே இழுத்து அதன் மூலைத் தையலை மோந்து பாருங்கள், அப்புறம் வெளித்தோலை. மூலையில் வாடை தூக்கலாக இருந்தால் சந்தேகமே இல்லை.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, வேறொரு துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து, உள்துணியை மட்டும் துடையுங்கள். பையைத் திறந்தபடியே ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு ஒரு பழைய சாக்ஸில் சமையல் சோடாவைக் கட்டி உள்ளே வைத்து, மூன்று நாள் மூடிவையுங்கள். கொஞ்சம் வாடை மிச்சமிருந்தால் புது சோடா மாற்றி மறுபடியும் வையுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டாம், அந்த நெடி தோலில் ஏறினால் பூஞ்சை வாடையே மேல் என்றாகிவிடும்.

ஆனால் விரலால் தேய்த்தால் தோல் செம்பழுப்புத் தூளாக உதிர்கிறதா? அப்படியென்றால் ஈரமே படவிடாதீர்கள், சோடா மட்டும் போதும்.